ஆப்பிளா, கூகுளா, மைக்ரோசாஃப்டா: பார்வையற்றவர் யாரை நம்பி வாங்கலாம்?

ஒவ்வொரு ஆண்டும் மே மாத மூன்றாம் வியாழன் உலக அணுகல்தன்மை விழிப்புணர்வு நாள். 2012 முதல் கடைப்பிடிக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தும்படி கருவிகளை அமைப்பதுதான் அணுகல்தன்மை. அந்த வாரம் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆளுக்கொரு அறிவிப்பு வெளியிடும். வரிசையாகப் படித்தால் எது எந்த நிறுவனத்துடையது என்றே தெரியாது. அத்தனை பேருக்கும் அவ்வளவு அக்கறை.

காசு கொடுத்து வாங்கப்போகிறவருக்கு அந்த அறிவிப்புகளால் பயன் குறைவு. அவருடைய கேள்வி வேறு: ஐபோனா, ஆண்ட்ராய்டா? வேலைக்கு விண்டோஸ் போதுமா, மேக் வேண்டுமா? சமீபத்தில் பார்வை இழந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பார்வையற்ற ஊழியரைப் பணியில் சேர்த்திருக்கும் அலுவலகங்கள் என்று பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். நேராகப் பதில் சொல்ல முயல்கிறேன். அதற்கு முன் எதை வைத்து அளப்பது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

## எதை வைத்து அளக்கிறேன்

முதல் நாள். பெட்டியைப் பிரித்தவுடன், பார்வையுள்ள இன்னொருவரைக் கூப்பிடாமல், தானே இயக்கத் தொடங்க முடிகிறதா?

அப்டேட்டுக்கு மறுநாள். நேற்றுவரை பேசிய பொத்தான் இன்று ஊமையானால், எவ்வளவு நாளில் சரிசெய்கிறார்கள்? பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்கிறதா?

மாற்று வழி. அந்த நிறுவனத்தின் ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) காலை வாரினால், அதே கருவியில் வேறொன்றைப் போட்டுக்கொள்ள முடியுமா?

மற்றவர்களின் செயலிகள். வங்கி, பயணம், அரட்டை என்று நாம் பயன்படுத்துபவற்றில் பெரும்பாலானவை வேறு யாரோ எழுதியவை. அவர்களை ஒழுங்காக எழுதவைக்க நிறுவனம் என்ன செய்கிறது?

பிரெய்லும் மொழியும். காதால் மட்டும் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம். காதும் கேளாதவருக்கு இதுதான் எல்லாம்.

செலவு. விலைப்பட்டியலில் இருப்பதும் இல்லாததும்.

இவற்றில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நான் அதிக எடை கொடுக்கிறேன். காரணம் அனுபவம் சொல்வதுதான்: பல நிறுவனங்களில் அணுகல்தன்மை என்பது ஒரு சின்னக் குழுவின் தோளில் நிற்கிறது. குழு போனால் அதுவும் போகிறது. 2022 நவம்பரில் ட்விட்டரின் அணுகல்தன்மைக் குழு கூண்டோடு நீக்கப்பட்டது. இரண்டே மாதத்தில், பார்வையற்றவர்கள் விரும்பிப் பயன்படுத்திய வெளிச் செயலிகளின் கதவும் மூடப்பட்டது. லினக்ஸின் ஸ்கிரீன் ரீடரான ஆர்காவை வளர்த்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 2010-இல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கியதும் அங்கிருந்த ஆட்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆர்கா இன்றும் பேசுகிறது என்றால் அது யாரும் நிரலை எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்ததாலும், விடாப்பிடியான சிலர் அதைத் தாங்கிப் பிடித்ததாலும்தான். கொள்கை அறிக்கை அப்படியே இருக்கும், செயல்படுத்த ஆள் இருக்க மாட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

## ஆப்பிள்: முதல் நாளில் அடிக்க ஆளில்லை

ஆப்பிளின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவர் மேக்கில் வந்தது 2005-இல். ஆனால் உலகத்தைப் புரட்டிப் போட்டது 2009-இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ். அதற்கு முன் போன் பேச வேண்டுமென்றால் நோக்கியா போன் ஒன்றை வாங்கி, டாக்ஸ் அல்லது மொபைல் ஸ்பீக் என்ற மென்பொருளைத் தனியாகக் காசு கொடுத்து ஏற்ற வேண்டும். வழவழப்பான கண்ணாடித் திரையைப் பார்வையற்றவர் எப்படிப் பயன்படுத்துவார் என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, ஆப்பிள் அந்தத் திரைக்குள்ளேயே ஸ்கிரீன் ரீடரை வைத்துக் கொடுத்தது. கூடுதல் கட்டணம் இல்லை. தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். இன்று எல்லாப் போனிலும் இருக்கும் முறை அதுதான்.

புது ஐபோனை எடுத்து ஓரப் பொத்தானை (பழைய மாடல்களில் முகப்புப் பொத்தானை) மூன்று முறை அழுத்தினால் வாய்ஸ்ஓவர் பேசத் தொடங்கிவிடும். எந்த மாடலிலும் எந்த நாட்டிலும் இதே கதைதான். இந்த ஒழுங்கை வேறு யாராலும் இன்னும் தர முடியவில்லை.

இதெல்லாம் முழுக்க நல்ல மனதால் நடந்ததா? அப்படிச் சொல்ல முடியாது. ஐடியூன்ஸைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடியவில்லை என்ற புகாரில், 2008-இல் மாசசூசெட்ஸ் மாநில அட்டர்னி ஜெனரலுடனும் அமெரிக்கப் பார்வையற்றோர் கூட்டமைப்புடனும் ஆப்பிள் ஒப்பந்தத்துக்கு வந்தது. மறுபுறம், 2014 பங்குதாரர் கூட்டத்தில், பார்வையற்றவர்களுக்காகச் செய்யும் வேலையில் லாபக் கணக்குப் பார்ப்பதில்லை என்று டிம் குக் காட்டமாகவே சொன்னார். இரண்டும் உண்மை. நிறுவனங்களின் அர்ப்பணிப்பு என்பது பெரும்பாலும் இப்படிக் கலந்துதான் இருக்கும்.

பிரெய்லில் ஆப்பிள் முன்னணி. 2014-இல் வந்த ஐஓஎஸ் 8-இலிருந்து திரையையே பிரெய்ல் விசைப்பலகையாக்கித் தட்டச்சு செய்யலாம். திரையில் இருப்பதை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக்கித் தரும் பிரெய்ல் காட்டிகள் ஏராளமானவை நேரடியாக இணையும். செயலி எழுதியவர் பொத்தானுக்குப் பெயர் வைக்க மறந்தாலும் அது என்னவென்று ஊகிக்கும் வசதி 2020-இல் வந்தது. 2025-இல் ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு செயலியும் எந்தெந்த அணுகல் வசதிகளைத் தருகிறது என்று காட்டும் விவரச்சீட்டை அறிவித்தார்கள். நல்ல யோசனை. ஆனால் செயலி எழுதியவரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளும் முறை என்பதை மறக்கக் கூடாது.

இனி மறைந்திருக்கும் விலை. ஐபோனில் வாய்ஸ்ஓவரை விட்டால் வேறு ஸ்கிரீன் ரீடர் கிடையாது. போட அனுமதியே இல்லை. செப்டம்பரில் புதிய ஐஓஎஸ் வரும். அதில் பிரெய்ல் சொதப்பினாலோ, கர்சர் தாவிக் குதித்தாலோ, அடுத்த அப்டேட் வரும்வரை சகித்துக்கொள்ள வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பும் கதவைச் சில வாரங்களில் ஆப்பிள் அடைத்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் முதல் பதிப்பைத் தொடாமல், முதல் திருத்தம் வரும்வரை காத்திருக்கிறார்கள்.

எந்தப் பதிப்பில் என்ன கோளாறு என்று பட்டியல் போடுபவர்கள் யார் தெரியுமா? ஆப்பிள்விஸ் என்ற பயனர் சமூகத்தின் தன்னார்வலர்கள். 2024-இல் அந்தச் சமூகமே மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது, பீ மை ஐஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டதால் பிழைத்தது. உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்றின் தரப் பரிசோதனையில் இவ்வளவு பங்கு சம்பளமில்லாதவர்கள் கையில் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

மேக் பற்றி ஒரு வார்த்தை. ஐபோனில் கிடைக்கும் கவனம் மேக் வாய்ஸ்ஓவருக்குக் கிடைப்பதில்லை. இணையத்தில் உலவும்போது சஃபாரி பதிலளிக்கவில்லை என்ற அறிவிப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் ஏராளம். ஐபோன் நன்றாக இருக்கிறதே என்பதற்காக மட்டும் மேக் வாங்காதீர்கள்.

## கூகுள்: சுதந்திரம் உண்டு, ஒழுங்கு இல்லை

ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக் வந்ததும் 2009-இல்தான், ஆண்ட்ராய்டு 1.6-உடன். அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் டி.வி.ராமன், பார்வையற்ற கணினி விஞ்ஞானி, கணினியைப் பேச்சு வழியாக இயக்க உதவும் இமாக்ஸ்பீக்கை உருவாக்கியவர். ஆள் இருந்தும் நிறுவனம் வேகம் காட்டவில்லை. ஆரம்ப டாக்பேக்குக்குப் போனில் அழுத்தக்கூடிய நிஜ விசைகள் வேண்டியிருந்தன. திரையை விரலால் தடவிப் பார்க்கும் வசதி 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0-உடன் வந்தது. பல விரல் சைகைகள் வந்தது 2021-இல். ஐபோன் செய்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! திரை பிரெய்ல் விசைப்பலகை 2020-இல் வந்தது. பிரெய்ல் காட்டிக்கான ஆதரவு டாக்பேக்குக்குள் வந்தது 2022-இல். அதுவரை பிரெய்ல்பேக் என்று தனிச் செயலி.

இவ்வளவு தாமதத்துக்குப் பிறகும் ஆண்ட்ராய்டைத் தள்ளிவிட முடியாத காரணம், என் இரண்டாவது, மூன்றாவது அளவுகோல்கள். டாக்பேக் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுகிறது; ஒரு கோளாறு தீர முழு இயங்குதளமும் மாற வேண்டியதில்லை. அதன் மூல நிரலையும் கூகுள் வெளியிடுகிறது. பிடிக்கவில்லையா, ஜியேஷுவோ போன்ற வேறு ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக்கொள்ளலாம். பேச்சுக் குரலையும் மாற்றலாம். கூகுள் குரல் பிடிக்காதவர்கள் ஈஸ்பீக்கைப் போட்டுத் தமிழை மின்னல் வேகத்தில் கேட்கிறார்கள். 2024-இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவான ஜெமினி சேர்ந்த பிறகு, படங்களை விவரிப்பதில் டாக்பேக் நன்றாகவே முன்னேறியிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், ஆண்ட்ராய்டு என்பது ஒரே போன் அல்ல. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் போக்கில் டயலரை, கேமராவை, அமைப்புகளை மாற்றி வைக்கிறார்கள். இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் டாக்பேக் தொடங்க வேண்டும் என்பது விதி; எல்லாப் போனும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. சாம்சங் பல ஆண்டுகள் வாய்ஸ் அசிஸ்டென்ட் என்று தனி ஸ்கிரீன் ரீடரையே வைத்திருந்து, பிறகுதான் டாக்பேக்குக்குத் திரும்பியது. சில மலிவுப் போன்களில் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் ஓடுவதையெல்லாம் மூடும் அமைப்பு, ஸ்கிரீன் ரீடரையும் சேர்த்து மூடிவிடும். பார்வையுள்ளவருக்கு அது சின்னத் தொல்லை. பார்வையற்றவருக்குத் திரையே அணைந்த மாதிரி.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்கிரீன் ரீடர் இயங்கத் தேவையான அணுகல் அனுமதி, திரையில் உள்ளதையெல்லாம் படிக்கவும் பொத்தான்களை அழுத்தவும் இடம் தருவது. வங்கிக் கணக்கைத் திருடும் தீம்பொருள்கள் குறிவைப்பதும் அதே அனுமதியைத்தான். ஆகவே ஆண்ட்ராய்டு 13-இலிருந்து வெளியிலிருந்து நிறுவப்படும் செயலிகளுக்கு அந்த அனுமதியைக் கூகுள் இறுக்கியது. சில வங்கிச் செயலிகள் ஒருபடி மேலே போய், தங்களுக்குத் தெரியாத அணுகல் சேவை எது இயங்கினாலும் திறக்க மறுக்கின்றன. திருடனுக்குப் போட்ட பூட்டில் பார்வையற்றவர் மாட்டிக்கொள்கிறார். வேறு ஸ்கிரீன் ரீடரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்துக்கு இது ஒரு விலை.

## மைக்ரோசாஃப்ட்: தான் கட்டாததால் விளைந்த நன்மை

மைக்ரோசாஃப்டின் கதைதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. டாஸ் காலத்தில், எழுத்துகள் மட்டுமே இருந்த திரையில், பார்வையற்றவர்கள் நன்றாகவே வேலை செய்தார்கள். விண்டோஸ் வந்ததும் எல்லாம் படமானது, ஸ்கிரீன் ரீடர்கள் திணறின. விண்டோஸ் 95-ஐ வாங்க மாட்டோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் நெருக்கியபோதுதான் நிறுவனம் அசைந்தது. வெளி மென்பொருள்கள் திரையில் இருப்பதை அறிந்துகொள்வதற்கான இடைமுகம் 1997-இல் வந்தது.

விண்டோஸ் 2000-இல் நரேட்டர் வந்தது என்றாலும், அது பெயருக்குத்தான். அன்றாட வேலைக்கு இதைவிடத் திறனுள்ள ஸ்கிரீன் ரீடர் உங்களுக்குத் தேவைப்படும் என்று விண்டோஸ் எக்ஸ்பியில் நரேட்டரே திறந்தவுடன் சொல்லும். அந்த வெற்றிடத்தில்தான் மற்றவர்கள் வளர்ந்தார்கள். பார்வை இழந்த டெட் ஹென்டர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் வந்தது. விலை அதிகம், ஆனால் அலுவலகங்களின் முதல் தேர்வு. 2006-இல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார். இலவசம், திறந்த மூலம், தமிழ் உட்படப் பல மொழிகளைப் பேசும்.

இணைய அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு 2023 இறுதியில் தொடங்கி நடத்திய ஸ்கிரீன் ரீடர் பயனர் கணக்கெடுப்பில், கணினியில் முதன்மையாக ஜாஸ் பயன்படுத்துவோர் சுமார் 40 சதவீதம், என்விடிஏ சுமார் 38 சதவீதம், வாய்ஸ்ஓவர் 10 சதவீதத்துக்கும் கீழே. மொபைலிலோ 70 சதவீதம் பேர் வாய்ஸ்ஓவர். பதில் சொன்னவர்களில் பெரும்பகுதி வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் என்பதால், ஐபோன் பங்கை அப்படியே உலகத்துக்குப் பொருத்த வேண்டாம். ஆனால் கணினியில் விண்டோஸ்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏன் என்றால், விண்டோஸில் ஒரு ஸ்கிரீன் ரீடர் விழுந்தால் இன்னொன்று இருக்கிறது. விண்டோ-ஐஸ் என்ற நல்ல ஸ்கிரீன் ரீடரை 2014-இல் ஆஃபீஸ் பயனர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள், 2017-இல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்கள் சிரமப்பட்டார்கள், ஆனால் கணினியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த நிலை ஐபோனில் வந்தால் போனையே தூக்கிப்போட வேண்டும்.

அண்மைக் காலத்தில் மைக்ரோசாஃப்ட் நன்றாகவே மாறியிருக்கிறது. விண்டோஸ் 10-க்குப் பிறகு நரேட்டர் உண்மையிலேயே பயன்படுகிறது. நிறுவும்போதே கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசும். பார்வையற்ற பொறியாளர் சாகிப் ஷேக் வழிநடத்திய சீயிங் ஏஐ 2017-இல் வந்து, காகிதம், முகம், நிறம் எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனி உதவி மையமும் இருக்கிறது.

கறுப்புப் புள்ளியும் உண்டு. சவுண்ட்ஸ்கேப் என்ற செயலி, நடந்து போகும்போது சுற்றியிருக்கும் இடங்களை அந்தந்தத் திசையிலிருந்தே ஒலியாகக் கேட்கவைத்தது. 2018-இல் வந்தது, 2023 ஜனவரியில் நிறுத்தினார்கள். நிரலைத் திறந்துவிட்டுப் போனதால் மற்றவர்கள் அதைத் தொடர முடிந்தது. கைவிடுவதிலும் நாகரிகமான முறை ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மறைமுகச் செலவு கற்கும் நேரம். என்விடிஏ இலவசம்தான், ஆனால் விசைச் சேர்க்கைகள் விரலுக்குப் பழக மாதங்கள் ஆகும். பழகி முடிப்பதற்குள் அவுட்லுக் புது முகத்தோடு வந்து நிற்கும்.

## அமேசானும் மற்றவர்களும்

அமேசானைப் பார்க்க வேண்டியது மின்னூல் படிப்பவர்கள். 2009-இல் கிண்டில் 2 புத்தகத்தை வாசித்துக் காட்டியது. ஆதர்ஸ் கில்ட் என்ற எழுத்தாளர் சங்கம் எதிர்த்ததும், பதிப்பாளர் விரும்பினால் அதை அணைத்துக்கொள்ளலாம் என்று அமேசான் பின்வாங்கியது. மெனுக்களோ பேசவே இல்லை. அப்படிப்பட்ட கிண்டிலைப் பாடநூலுக்குப் பயன்படுத்த முயன்ற அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது பார்வையற்றோர் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2010-இல் சமரசமானது. இன்று சாதனத்தில் வாய்ஸ்வியூ என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது, கேட்க புளூடூத் ஹெட்போன் வேண்டும். என்னைக் கேட்டால் போனில் கிண்டில் செயலியே போதும்.

சமூக ஊடகங்களில் ஃபேஸ்புக் 2016-இலேயே படங்களுக்குத் தானியங்கி விவரிப்பைத் தந்தது. ரெடிட் 2023-இல் வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் விதித்து, பார்வையற்றவர்கள் போராடிய பிறகு வணிக நோக்கமில்லாத அணுகல் செயலிகளுக்கு மட்டும் விலக்களித்தது. சேவையை மாற்றுவது கருவியை மாற்றுவதைவிட எளிது என்பதால் இவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஐபோன் | ஆண்ட்ராய்டு | விண்டோஸ் |
|---|---|---|---|
| முதல் நாள் | மிகச் சிறப்பு | போனைப் பொறுத்தது | நன்று |
| அப்டேட்டுக்கு மறுநாள் | சில வாரங்களுக்குப் பின் திரும்ப வழியில்லை | டாக்பேக் தனியே புதுப்பிக்கப்படும் | ஸ்கிரீன் ரீடர் தனியே புதுப்பிக்கப்படும் |
| மாற்று ஸ்கிரீன் ரீடர் | இல்லை | உண்டு, வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கலாம் | ஜாஸ், என்விடிஏ, நரேட்டர் |
| பிறர் செயலிகள் | பொதுவாக மேல் | கலவை | பழைய மென்பொருள்களில் பாடு |
| பிரெய்ல் | முன்னணி | தாமதமாக வந்தது | நன்று |
| மறைமுகச் செலவு | கருவி விலை, காத்திருப்பு | தவறான மாடல் அமைவது | கற்கும் நேரம், ஜாஸ் உரிமம் |

பிரெய்ல் காட்டி வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2018-இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து பிரெய்ல் காட்டிகளுக்கான பொது யுஎஸ்பி தரத்துக்கு ஆதரவளித்தன. ஆண்ட்ராய்டில் அது வந்து சேர ஆண்டுகள் பிடித்தன. காட்டியின் விலை கணினியைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், முதலில் காட்டியைத் தீர்மானித்துவிட்டு அதோடு ஒத்துப்போகும் போனைத் தேடுங்கள்.

## யாருக்கு எது

அண்மையில் பார்வை இழந்தவர், வயதானவர், தொழில்நுட்பத்தோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்: ஐபோன். புதியது கட்டுப்படியாகாவிட்டால், இன்னும் சில ஆண்டுகள் அப்டேட் பெறக்கூடிய பழைய மாடல்.

பட்ஜெட் கையைக் கட்டுகிறவர், தன் கருவியைத் தானே குடைந்து சரிசெய்துகொள்ளும் ஆர்வம் உள்ளவர்: ஆண்ட்ராய்டு. ஆனால் கூகுளின் பிக்சல் அல்லது சாம்சங். பெயர் தெரியாத மாடலை, டாக்பேக்கோடு தொட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மாணவர், நிரலாளர், அலுவலகப் பணியாளர்: விண்டோஸும் என்விடிஏவும். ஜாஸ் வேண்டுமா என்பது நிறுவனத்தின் மென்பொருளைப் பொறுத்தது. அதைப் பணியாளர் தன் கையிலிருந்து வாங்கக் கூடாது, நிறுவனம்தான் வாங்கித் தர வேண்டும்.

காதும் கேளாத பிரெய்ல் பயனர்: போனுக்கு ஆப்பிள். வேறு பேச்சில்லை.

இரண்டு கருவி வாங்குகிறவருக்கு என் யோசனை, போனும் கணினியும் ஒரே நிறுவனத்துடையதாக வேண்டாம் என்பது. எல்லாம் ஒன்றோடொன்று அழகாகப் பேசிக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு மோசமான அப்டேட் வந்த நாளில் இரண்டும் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளக் கூடாது. ஐபோனும் விண்டோஸும் கலந்து வைத்திருப்பவர்கள் அப்படிப்பட்ட நாளிலும் வேலையை முடித்துவிடுகிறார்கள்.

மென்பொருள் வாங்கும் அலுவலகத்துக்கு: விற்பவரிடம் இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 அடிப்படையில் இணக்க அறிக்கை கேளுங்கள். 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், அங்கே விற்பவர்களிடம் அது பெரும்பாலும் தயாராக இருக்கும். அறிக்கையோடு நிற்காமல், பார்வையற்ற ஒருவரை ஊதியம் கொடுத்து உட்காரவைத்து, சுட்டியைத் தொடாமல் ஒரு முழு வேலையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வரி நிரலைச் சேர்த்தால் இணையதளம் தானாக அணுகத்தக்கதாகிவிடும் என்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அப்படிச் சொல்லி விற்ற அக்சஸிபி நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்து, 10 லட்சம் டாலர் கட்டவைத்தது.

தனக்காக வாங்குகிறவர் பணம் கொடுக்கும் முன் திரையை முழுக்க மறைத்துவிட்டு ஐந்து காரியங்களைச் செய்து பார்க்கட்டும்: வந்த அழைப்பை எடுத்து, பேசி, துண்டிப்பது, ஒரு குறுஞ்செய்தியைத் தமிழில் தட்டச்சு செய்வது, ஒரு கடவுச்சொல்லை உள்ளிடுவது, தான் பயன்படுத்தும் வங்கிச் செயலியைத் திறப்பது, ஸ்கிரீன் ரீடரை அணைத்து மறுபடி தானே இயக்குவது. கடைசிக் காரியத்தில் தடுமாறும் போனை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.